பழைய பல்சருக்கு ஓர் அணியம்

என்னிடம் உள்ள பல்சர் 180, வட்ட முன்விளக்கோடு வந்த முதல் வரிசையைச் சேர்ந்தது. 2002 இல், யாழ்ப்பாணத்தைக் கண்டியோடு இணைக்கும் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர், சமாதான காலத்து நம்பிக்கையில் மாமா வாங்கிய வாகனம். 2006 இல் வீதி மீண்டும் மூடப்பட்டபோது பெற்றோல் இல்லாமல் பல மாதங்கள் விறாந்தையில் சாக்கு மூடி நின்றது. இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. எஞ்சின் ஒருமுறை பிரித்துப் பூட்டப்பட்டது, கிளச் தட்டுகள் இரண்டு முறை மாற்றப்பட்டன என்பவற்றைத் தவிர அது பெரிய தொல்லை எதுவும் தந்ததில்லை. தைப்பொங்கல் கழிந்த கிழமையில் அதில் நுவரெலியாவுக்கு ஏறி இறங்குவது என் வழக்கம். அந்தப் பயணத்துக்காக அதற்கு ஒரு ஃபெயாரிங், அதாவது ஓட்டுபவரின் மார்பையும் கைகளையும் காற்றிலிருந்து மறைக்கும் முன் உறை ஒன்றை, வீட்டு முற்றத்தில் வார்த்துப் பூட்டிய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குளிருக்கு உறை செய்கிறேன் என்றால் சிரிப்பவர்களே அதிகம். ஆனால் கண்டிக்கு 321 கிலோமீற்றர், அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடி முடிக்கும்போது, கடல் மட்டத்தில் புறப்பட்டவர் 1,868 மீற்றர் உயரத்தில் நிற்கிறார். ஆயிரம் மீற்றர் ஏற ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, ஒரே நாளில் 12 பாகையை வழியில் விட்டுவிட்டுப் போகிறோம். அதற்கு மேல் வாகனத்தின் வேகமே ஒரு காற்று. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் ஆக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீற்றர் வேகக் காற்று வெற்றுத் தோலில் பட்டால் அது 6 பாகைக் குளிராக உறைக்கும் என்று காற்றுக் குளிர்ச்சிச் சூத்திரம் சொல்கிறது. தடித்த ஜாக்கெற் மார்பைக் காப்பாற்றும், விரல்களைக் காப்பாற்றாது. சென்ற முறை இறம்பொடைக்கு மேலுள்ள கொண்டை ஊசி வளைவு ஒன்றில், பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று நான் நினைத்ததற்கும் விரல்கள் மடங்கியதற்கும் இடையில் ஒரு கணம் தாமதம் இருந்ததை உணர்ந்தேன். இந்த வேலையைத் தொடக்கியது அந்தத் தாமதம்தான்.

உண்மையில் அந்தப் பயணத்திலும் என் வாகனத்தில் ஒரு காற்றுத் தடுப்பு இருந்தது. எந்த மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும், நான்கு பிடிகளால் ஹாண்டிலில் நேரடியாகப் பூட்டும் ஒளிபுகு பிளாஸ்ரிக் தகடு அது. கொடிகாமம் வரையில் அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே இருந்தது. இயக்கச்சி தாண்டி ஆனையிறவில் இருபுறமும் வெளி விரிந்தவுடன், வடகிழக்கிலிருந்து வந்த வாடைக்காற்று இடப்பக்கமாக அறைந்தது. ஒவ்வோர் அறைக்கும் ஹாண்டில் தானாகத் திரும்பியது. காரணம் எளிது. ஹாண்டிலில் பூட்டிய தகட்டில் படும் காற்றின் விசை முழுவதும் ஹாண்டிலுக்கே போகிறது. அது சுக்கானில் பாய் கட்டிய தோணிக்கு ஒப்பானது. பரந்தன் சந்தியில் நிறுத்தி அதைக் கழற்றிப் பின் இருக்கையில் கட்டிக்கொண்டேன். மலையில் நான் நடுங்கியதற்கு அதுவே காரணம்.

பக்கக் காற்றின் இந்தக் குணம் புதிதாக அறியப்பட்ட ஒன்றல்ல. 1950களில் பந்தய மோட்டார் சைக்கிள்கள் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் முழு உறைகளோடு ஓடின. நேர்வேகம் கூடினாலும் பக்கக் காற்றில் அவை ஆபத்தாகத் தடுமாறியதால், 1957 ஆம் ஆண்டுப் பருவத்தோடு சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அவற்றைத் தடைசெய்தது. 1976 இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர் 100 ஆர்எஸ் என்னும் வாகனத்தை வெளியிட்டபோது, அதன் உறை காற்றுச் சுரங்கத்தில் வடிவமைக்கப்பட்டதாகவும் சட்டகத்தோடு பூட்டப்பட்டதாகவும் இருந்தது. முன்சக்கரம் திறந்தே இருந்தது. எனக்கு வேண்டியது அந்த வழியின் மிக எளிய வடிவம்: சட்டகத்தில் நிற்கும் உறை, உள்ளே தடையின்றித் திரும்பும் ஹாண்டில்.

பெயரிலேயே முதல் சிக்கல் வந்தது. கஸ்தூரியார் வீதியில் உதிரிப்பாகக் கடை ஒன்றில் ‘ஃபெயாரிங்’ என்று கேட்டால், முன்சக்கரத்துக்கா பின்சக்கரத்துக்கா என்று கேட்டுக்கொண்டே பெயாரிங் பெட்டியை எடுத்தார்கள். மூன்று கடைகளில் இதுவே நடந்தது. பின்னர் குருநகரில் பைபர் படகுகள் திருத்தும் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் ஒரு பார்வையிலேயே, “இது அணியம் எல்லோ தம்பி” என்றார். படகின் முன்முனைக்குக் கடற்றொழிலாளர் வழங்கும் பெயர் அது. நீரைப் பிளப்பதற்கும் காற்றைப் பிளப்பதற்கும் ஒரே பெயர் பொருந்தும் என்று எனக்கும் பட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அணியம் என்றே பெயர்.

பைபரை நான் தெரிந்தெடுத்ததற்கு அவரும் ஒரு காரணம். தகரத்தில் இரண்டு பக்க வளைவை அடித்து எடுக்கக்கூடிய கை எனக்கில்லை. பைபர் வேலைக்கோ இந்தக் கரையெங்கும் பொருளும் அறிவும் கிடைக்கின்றன. படகுக்கு வாங்கும் அதே பொலியெஸ்ரர் ரெசின், அதே கண்ணாடி நார்ப் பாய், ரெசினை இறுக வைக்கும் அதே ஹார்ட்னர்தான் இதற்கும். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள பாயில் இரண்டு படை இட்டால் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு வரும் என்றும், பாயின் நிறையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும் என்றும் அவர் சொன்ன கணக்கு, பிறகு நான் நிறுத்துப் பார்த்தபோதும் சரியாகவே இருந்தது.

அச்சுக்கு ரிஜிபோம் என்னும் பொலிஸ்ரைரீன் நுரைக் கட்டிகளை ஒட்டி, ஈர்வாளாலும் அரத்தாளாலும் வடிவம் எடுத்தேன். வாகனத்தை நடுத்தாங்கியில் நிறுத்தி, கட்டியை முன்விளக்கைச் சுற்றி வைத்து, ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கெல்லாம் கை முட்டுகிறதோ அங்கெல்லாம் சீவிக்கொண்டே போனேன். மூன்று மாலைப்பொழுதுகள் போயின. வடிவம் கண்ணுக்குப் பிடித்த அவசரத்தில், ஒரு மூலையில் சிறு துண்டுப் பாயை வைத்து ரெசின் பூசிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் அந்த மூலை உள்ளே வாங்கிக் குழியானது. பொலியெஸ்ரர் ரெசினில் உள்ள ஸ்ரைரீன், ரிஜிபோமைக் கரைத்துவிடும். குருநகர் அண்ணையிடம் முறையிட்டபோது, “சீனியிலை தண்ணி பட்டா என்ன ஆகும்? அதுதான்” என்று முடித்துவிட்டார். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை.

அதன் பிறகு குழியை அடைத்து, கட்டி முழுவதும் பிளாஸ்ரர் ஒப் பரிஸ் பூசி, இரண்டு நாள் வெயிலில் உலரவிட்டு, அரத்தாளால் மழமழப்பாக்கி, மேலே பெட்டி ஒட்டும் அகலப் பசை நாடாவை இடைவெளியின்றி ஒட்டி, மெழுகு தேய்த்தேன். அந்த நாடாவில் ரெசின் ஒட்டாது என்பதால் கழற்றுவது எளிது. உள்வாங்கிய அச்சுச் செய்து அதற்குள் வார்த்தால் வெளிப்பக்கம் கண்ணாடிபோல வரும் என்பது உண்மையே. ஆனால் ஒன்று மட்டுமே தேவைப்படும்போது இரண்டு மடங்கு வேலை எதற்கு என்று, அச்சின் மேலேயே பாய் இட்டேன். அதற்கான தண்டனையைப் பிறகு புட்டி பூசித் தேய்த்துத் தேய்த்து அனுபவித்தேன்.

ஹார்ட்னர் அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை சேர்க்கலாம். எங்கள் வெயிலுக்கு 10 போதும். முதல் நாள் நண்பகலில், கவனக்குறைவாக 20 சேர்த்துக் கலக்கிய ரெசின், பாதிப் பாயைக்கூட நனைக்கும் முன்னர் வாளிக்குள் ஜெலியாகிச் சூடேறிப் புகைந்தது. வாளியை முற்றத்து மணலில் கவிழ்த்துவிட்டு, அடுத்த படையைக் காலை ஆறு மணிக்கு, கால் கிலோ கால் கிலோவாகக் கலந்து இட்டேன். தூரிகையால் இழுக்காமல் குத்திக் குத்தி நனைத்தால்தான் பாய் பிரியாமல் காற்றுக் குமிழி வெளியேறும். என் ரெசினில் முடுக்கியாகிய கோபால்ற் ஏற்கெனவே கலந்திருந்தது. தனியாக வாங்குவோர், கோபால்ற்றையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கக் கூடாது, அவை வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் அணிவது ஹார்ட்னருக்காக, மூக்கை மறைப்பது தேய்க்கும்போது எழும் தூளுக்காக. இரண்டையும் நான் அலட்சியம் செய்யவில்லை, ஆயினும் முழங்கை இரண்டு நாள் அரித்தது.

கழற்றிச் சீர்செய்து நிறுத்தபோது கூடு மட்டும் இரண்டே கால் கிலோ இருந்தது.

அடுத்தது தாங்கி. இந்தப் பல்சரின் சட்டகத்தில் எஞ்சினுக்கு முன்னால் இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. மேலே ஹாண்டில் திரும்பும் கழுத்துக் குழாய் இருக்கிறது. இந்த மூன்று இடங்களையும் கவ்விப் பிடிக்கும் பிடிகளை, அரை அங்குல இரும்புக் குழாயால் செய்த ஒரு கூட்டோடு சுன்னாகத்தில் ஒரு பட்டறையில் ஒட்டுவித்தேன். சட்டகத்தில் ஓரிடத்திலும் ஒட்டுவேலை செய்யவில்லை, துளையிடவும் இல்லை. பழைய வாகனத்தின் சட்டகத்தைச் சூடாக்குவது எனக்கு உடன்பாடில்லை, வேண்டாமென்றால் நான்கு போல்ற்றைக் கழற்றி மாமாவின் வாகனத்தை இருந்தபடியே திருப்பிக் கொடுக்கக்கூடியதாக இருக்கவும் வேண்டும். ஒவ்வொரு பிடிக்குள்ளும் பழைய ரியூப் துண்டு. கூடும் தாங்கியும் சந்திக்கும் ஆறு இடங்களிலும் றப்பர் வளையம், பெரிய வோஷர், நைலோன் பிடித்த நட்டு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வைப் பைபருக்கு அப்படியே கொடுத்தால் முதல் மாதத்திலேயே துளையைச் சுற்றி நட்சத்திர வெடிப்பு விழும்.

முன்விளக்கை நான் தொடவில்லை. அது ஃபோர்க்கோடு, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையோடு, சேர்ந்து கூட்டின் திறப்புக்குள் திரும்புகிறது. திறப்பின் விளிம்புக்கும் விளக்குக்கும் இடையில் எல்லா நிலையிலும் 25 மில்லிமீற்றர் விட்டிருக்கிறேன். அழகுக்குக் குறைவுதான். ஆனால் வயரிங்கைப் பிரிக்கவில்லை, வளைவில் வெளிச்சமும் சக்கரத்தோடு போகிறது. சிக்னல் விளக்குகள் கூட்டின் மறைவில் போய்விட்டதால், அவற்றை மட்டும் குறுகிய தண்டுகளில் வெளிப்பக்கமாகக் கொண்டுவந்தேன்.

பூட்டி முடித்த அன்று செய்த சோதனைகளுள் ஒன்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஹாண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பியபோது எஞ்சின் தானாக உறுமத் தொடங்கியது. புதிய தாங்கி அக்சிலேற்றர் கேபிளை அதன் பழைய பாதையிலிருந்து தள்ளிவிட்டிருந்ததால், திருப்பும்போது கேபிள் இழுபட்டிருக்கிறது. ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் வாகனத்தைத் திருப்பும்போது இது நிகழ்ந்திருந்தால் மதிலில்தான் போய் நின்றிருப்பேன். கேபிளைக் கழுத்துக் குழாயின் மறுபக்கமாக வளைத்துக் கட்டியதும் தீர்ந்தது. அதேபோல், ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது மட்காட் எவ்வளவு மேலே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபோர்க் குழாயில் ஒரு கட்டு நாடாவை இறுக்கிவிட்டு, வெறும் வீதியில் ஓடிப் பலமாகப் பிரேக் பிடித்தால், நாடா நகர்ந்து நிற்கும் இடம் அளவைச் சொல்லும். நான் அதற்கு மேலும் இரண்டு சென்ரிமீற்றர் விட்டேன்.

மேற்கண்ணாடிக்கு மூன்று மில்லிமீற்றர் பொலிகாபனேற் தகடு. பெயர்ப்பலகைக் கடைகளில் பேர்ஸ்பெக்ஸ் மலிவாகக் கிடைக்கும், கீறலும் குறைவாக விழும். ஆனால் கல் பட்டால் கூரிய துண்டுகளாக உடையும், துளையின் ஓரத்தில் வெடிக்கும். பொலிகாபனேற்றைச் சூடாக்காமலே மெதுவான வளைவுக்கு வளைக்கலாம். அதன் பகை பெற்றோல். பெற்றோல் தாங்கியை நிரப்பும்போது சிந்திய துளியைத் துடைத்த அதே துணியால் கண்ணாடியைத் துடைத்தால் மங்கலும் நுண்வெடிப்பும் வரும். துளைகளைப் போல்ற்றைவிட இரண்டு மில்லிமீற்றர் பெரிதாக இட்டு றப்பர் வைத்தேன், வெயிலில் தகடு நீள இடம் வேண்டும் என்பதால். உயரத்தை முதலில் கார்ட்போட்டில் வெட்டிப் பார்த்தேன். கண்ணாடியின் ஊடாக அல்ல, அதன் விளிம்புக்கு மேலாக வீதியைப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரவு மழையில் எதிர்வரும் வாகனத்தின் வெளிச்சம் துளிகளில் சிதறும்போது, நனைந்த கண்ணாடியின் ஊடாக எதுவும் தெரியாது. விளிம்பை என் மூக்கின் மட்டத்தில் நிறுத்தினேன்.

முதல் ஓட்டத்துக்குப் பண்ணைப் பாலத்தைத் தெரிந்தெடுத்தேன். மண்டைதீவுப் பக்கம் போகும்போது வாடை முதுகில் இருக்கும். பட்டணத்துக்குத் திரும்பும்போது அதே காற்று முகத்துக்கு நேரே வரும். 50 இல் ஓடும்போது எதிர்க்காற்று 20 என்றால் வாகனத்துக்கு அது 70. காற்றின் தள்ளல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் ஏறத்தாழ இரட்டிப்பு. சோதிக்க அதைவிட நல்ல இடம் அருகில் இல்லை. போகும்போது அமைதி. திரும்பும்போது மார்பில் காற்றே இல்லை, கைகளில் பாதி. ஆனால் ஹெல்மெற் இரு காதுகளுக்கும் நடுவில் பறை அடிப்பதுபோல அதிரத் தொடங்கியது. கண்கள்கூட நடுங்கின. உறை இல்லாத பழைய நிலையே இதைவிட மேல் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கண்ணாடியை இன்னும் உயர்த்து என்று இருவர் சொன்னார்கள். தாழ்த்து என்று ஒருவர் சொன்னார். நான் மூன்று சென்ரிமீற்றர் வெட்டிப் பார்த்தேன். அதிர்வு நெற்றியிலிருந்து தாடைக்கு இறங்கியது, குறையவில்லை. பிறகு கண்ணாடியின் உட்பக்கத்திலும் கூட்டின் ஓரங்களிலும் ஹெல்மெற்றிலும் மூன்று அங்குலக் கம்பளி நூல்களை ஒட்டி, தம்பி முறையான ஒருவனை இன்னொரு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏற்றி, சனமில்லாத ஒரு காலையில் பக்கமாக வந்து கைபேசியில் படமெடுக்கச் சொன்னேன். படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியின் உட்பக்க நூல்கள் பின்னோக்கி அல்ல, முன்னோக்கிப் பறந்தன. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் உருவாக, மேல்விளிம்பைத் தாண்டிய காற்று அதை நிரப்பச் சுருண்டு என் தலையில் விழுந்து திரும்பிக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்குக் காற்று வேண்டும். நான் கொடுக்காததால் அது என் ஹெல்மெற் வழியாக எடுத்துக்கொண்டது.

ஆகவே கண்ணாடியின் கீழ்விளிம்புக்கும் கூட்டுக்கும் இடையில், வோஷர்களையும் சிறு குழாய்த் துண்டுகளையும் அடுக்கி, நான்கு சென்ரிமீற்றர் உயரமும் ஒரு சாண் அகலமும் உள்ள வாயைத் திறந்தேன். மீண்டும் பண்ணை, மீண்டும் எதிர்க்காற்று. மார்பில் மெல்லிய காற்று ஒன்று படிந்தது, பறை நின்றுவிட்டது. நூல்கள் மேல்நோக்கிச் சாய்ந்தன. இவ்வளவு வேலையிலும் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது, பைபரோ தாங்கியோ அல்ல, அந்த ஒரு சாண் ஓட்டை. கடையில் வாங்கிய தகட்டில் அப்படி ஒன்று இருந்ததில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கூட்டின் உட்பக்கத்துக்கு ஒளிராத கறுப்பு வர்ணம் அடித்ததை மட்டும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மீற்றரின் வெளிச்சம் இரவில் கண்ணாடியில் தெறிக்காமல் இருக்க அது வேண்டும். ஹாண்டிலின் நுனிகளுக்கு முன்னால், மிஞ்சிய பைபரில் உள்ளங்கை அளவு இரண்டு மறைப்புகளும் வைத்தேன்.

தை மாதம் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டேன். ஆனையிறவில் வாடை அதே பக்கமாக அறைந்தது. வாகனம் முழுவதுமாக ஒரு சாண் நகர்ந்தது, ஹாண்டில் கையில் அசையாமல் நின்றது. சாய்ந்து ஈடுகொடுக்க அது போதும். மாங்குளம், வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை என்று வெயில் ஏற ஏற, அதே உறைக்குள் வியர்த்தது என்பதையும் மறைக்கக் கூடாது. எஞ்சினின் தலைப்பகுதியைக் கூடு மறைக்காதபடி வெட்டியிருந்ததால், கண்டிக்குப் பிறகான ஏற்றத்தில் எஞ்சின் வழமையைவிடச் சூடாகவில்லை. எண்ணெய்ச் செலவில் குறிப்பிடும்படியான வேறுபாடு எதையும் நான் காணவில்லை.

புசல்லாவையில் தேநீர் குடிக்க இறங்கியபோது விரல்கள் குவளையைத் தேடவில்லை. இறம்பொடைக்கு மேல் பனிப்புகாரும் தூறலும் சேர்ந்தன. அங்கேதான் அந்த ஒரு சாண் ஓட்டை தன் மறுபக்கத்தைக் காட்டியது: அதன் வழியாக வந்த நீர் மீற்றரில் வழிந்து, நேராக என் ஜாக்கெற்றின் பொத்தான் வரிசைக்குள் இறங்கியது. நுவரெலியாவில் தங்கிய மறுநாள், மிஞ்சிய பொலிகாபனேற்றில் கையால் ஏற்றி இறக்கும் ஒரு மூடி செய்து, இரண்டு காது நட்டுகளால் பூட்டினேன். இறங்கி வரும் வழியில் கம்பளைக்கு முன்னர் எங்கேயோ ஒரு நட்டு கழன்று விழுந்துவிட்டது. இப்போது அந்தப் பக்கம் சைக்கிள் ரியூப்பின் ஒரு துண்டால் கட்டப்பட்டிருக்கிறது. நட்டைவிட அதுவே நன்றாகப் பிடிக்கிறது என்பதால் மறுபக்கத்தையும் மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.